ஸ்பேனரைக் கீழே வை!

அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் என்று ஒரு பந்தயம் உண்டு. பெரிய கார் பார்க்கிங்கிலோ பழைய விமான ஓடுதளத்திலோ ஆரஞ்சு நிறக் கூம்புகளை வளைத்து வளைத்து அடுக்கி வைப்பார்கள். ஒவ்வொரு காரும் தனித்தனியாக ஓடும், எதிரி கடிகாரம் மட்டுமே. ஒரு ஓட்டம் சுமார் ஒரு நிமிடம். கூம்பைத் தட்டினால் ஒவ்வொன்றுக்கும் 2 வினாடி அபராதம். வழி தவறினால் அந்த ஓட்டமே கணக்கில் வராது. ஆர்.டி.ஓ. முன்னால் எட்டுப் போடுவதை வெறி பிடித்த வேகத்தில் செய்வது போல என்று வைத்துக்கொள்ளலாம். 1944-ல் தொடங்கிய எஸ்.சி.சி.ஏ. என்ற கிளப்தான் இதை அங்கே பெரிய அளவில் நடத்துகிறது. அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சோலோ'.

இந்த விளையாட்டின் அழகே, வீட்டில் நிற்கும் காரை அப்படியே ஓட்டிக்கொண்டு போய்க் கலந்துகொள்ளலாம் என்பதுதான். ஆனால் புதிதாக வருகிறவர் என்ன செய்கிறார்? முதல் கூம்பைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே பார்ட்ஸ் கடைக்குப் போகிறார்! ஏர் இன்டேக், தாழ்த்தும் ஸ்பிரிங், பெரிய பிரேக், பின்னால் ஒரு இறக்கை... கேட்டால், "கார் இன்னும் ரெடி ஆகலை" என்பார். கார் எப்போதோ ரெடி. ஆகாதது அவர்தான்.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்றால் கிடைப்பது நாலைந்து ஓட்டங்கள். வருடத்துக்குப் பத்துப் போட்டி, போட்டிக்கு ஐந்து ஓட்டம், ஓட்டத்துக்கு ஒரு நிமிடம். மொத்தம் 50 நிமிடம். ஒரு சீசன் முழுவதும் ஒரு மணி நேரம்கூட ஓட்டாத ஆளுக்கு, இன்ஜின் போதவில்லையா ஸ்பிரிங் போதவில்லையா என்று எப்படித் தெரியும்? அனுபவசாலி ஒருவர் அதே காரில் ஏறி உட்கார்ந்தால் பல வினாடிகள் குறைத்துக் காட்டுவார். பார்ட்ஸ் கொடுப்பதோ வினாடியில் சில பத்தில் ஒரு பங்கு.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெரிய பிரேக்: அழுத்தி மிதித்தால் ஏ.பி.எஸ். துடிக்கிறதா? அப்படியானால் பிரேக்கில் குறையில்லை, டயரின் பிடிதான் எல்லை. ஒரு நிமிட ஓட்டத்தில் பிரேக் சூடாகித் தளர்வதற்கு நேரமே இல்லை. கூடுதல் எடைதான் மிச்சம்.

இறக்கை: காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் கிடைப்பதில் நாலில் ஒரு பங்குதான் 60 கி.மீ.-ல் கிடைக்கும். ஆட்டோகிராஸ் பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே முடிந்துவிடும். இறக்கைக்கு அங்கே என்ன வேலை?

தாழ்த்தும் ஸ்பிரிங்: பழைய ஷாக் அப்சார்பரை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் குட்டையாக்கினால், அது ஆடி இறங்க இடமில்லாமல் ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். வளைவின் நடுவில் இடித்தால் பிடி போச்சு. முன்னால் மாக்ஃபெர்சன் ஸ்ட்ரட் உள்ள கார் என்றால் இன்னொரு சிக்கல். அளவுக்கு மீறி இறக்கும்போது, கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி எடை மையத்தைவிட அதிகமாகக் கீழே போய்விடும். சாய்வைக் குறைக்கப் போட்ட ஸ்பிரிங்கின் பலனில் ஒரு பகுதியை அதுவே தின்றுவிடும்.

இதைவிடக் கொடுமை விதிப் புத்தகத்தில் இருக்கிறது. சோலோவில் 'ஸ்ட்ரீட்' என்ற பிரிவு, ஏறக்குறைய கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்கும் கார்களுக்கானது. வேறு ஷாக் அப்சார்பர், பிரேக் பேட், கேட்டலிஸ்டுக்குப் பின்னால் உள்ள சைலன்சர் என்று சிலவற்றை மட்டும் மாற்ற விடுவார்கள். குட்டை ஸ்பிரிங் போட்டாலோ ஏர் இன்டேக் மாற்றினாலோ கார் அந்தப் பிரிவை விட்டே போய்விடும். அடுத்த பிரிவில் காத்திருப்பவர்கள் யார்? அனுமதித்த அத்தனையையும் வருடக்கணக்கில் செய்து தேய்த்து மெருகேற்றியவர்கள்! நம் புதியவர் ஒரே ஒரு பொருளை மாட்டிக்கொண்டு போய் அவர்கள் நடுவில் நிற்கிறார். காசு கொடுத்துக் கடைசி இடத்தை வாங்குவது இதுதான்.

"டயர் மட்டுமாவது மாற்றலாமே" என்று பழையவர்களே சொல்வார்கள். உண்மைதான், எல்லாப் பார்ட்ஸிலும் நேரத்தை நிஜமாகவே குறைப்பது டயர் ஒன்றுதான். ஆனால் அதையும் முதல் நாளே வாங்கத் தேவையில்லை. சாதாரண டயர் சீக்கிரமே கத்தும், மெதுவாக வழுக்கும். எங்கே அதிகமாகத் திருப்பினோம், எங்கே அவசரப்பட்டோம் என்று காதிலேயே சொல்லும் வாத்தியார் அது. நல்ல பிடிப்புள்ள டயர் சின்னச் சின்னத் தப்பையெல்லாம் மூடி மறைத்துவிடும். பழைய டயர் தேயட்டும், பிறகு வாங்கலாம்.

அதுவரை செய்யக் காசு தேவைப்படாத வேலைகள் நிறைய. டிக்கியில் கிடக்கும் சாமான்களை இறக்குவது. வீல் நட்டுகளைச் சரியாக முறுக்குவது. டயர் ஓரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, எதுவரை அழிகிறது என்று பார்த்துக் காற்றழுத்தத்தைச் சரி செய்வது. பாதையை மூன்று நான்கு முறை நடந்து பார்ப்பது. பக்கத்தில் ஒரு பயிற்சியாளரை ஏற்றிக்கொள்வது. எல்லாவற்றுக்கும் மேலாக, அருகில் உள்ள கூம்பை வெறிக்காமல் அதற்கு அடுத்த கூம்பைப் பார்க்கப் பழகுவது.

"அவர் காசு, அவர் கார், உங்களுக்கென்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காரை அலங்கரிப்பது ஒரு சந்தோஷம், அதில் தப்பே இல்லை. அலங்காரத்தை வேகம் என்று சொல்லி விற்பதுதான் தப்பு. கார் லோன் கட்டிக்கொண்டு, திங்கள்கிழமை அதே காரில் வேலைக்குப் போக வேண்டிய இளைஞன்தான் இதில் ஏமாறுகிறான். கடன் வாங்கிப் பார்ட்ஸ் மாட்டி, கடைசி இடம் வந்து, "இது பணக்காரன் விளையாட்டுப்பா" என்று விலகிப் போகிறான். கையில் இருக்கும் காரோடு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று இருக்கும் ஒரு விளையாட்டுக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் என்ன?

ஒரு சீசன், வெறும் 50 நிமிடம், இருக்கிற காரை இருக்கிறபடியே ஓட்டட்டும். அதற்குப் பிறகு என்ன வாங்குவது என்று கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. காரே சொல்லியிருக்கும்.