கேழ்வரகு பியரும் ஊறல் பானையும்

பியரை வீட்டிலேயே தயாரிக்கும் பழக்கம் நம் பெருநகரங்களில் பரவிவருகிறது. ‘ஹோம்புரூயர்’ என்று தங்களை அழைத்துக்கொள்ளும் இவர்கள் பெரும்பாலும் படித்த, நல்ல சம்பளம் வாங்கும் இளைஞர்கள். மால்ட்டும் ஹாப்ஸும் ஈஸ்ட்டும் வாங்கிவந்து, வீட்டுச் சமையலறையில் காய்ச்சி, இரண்டு மூன்று வாரம் நொதிக்க விட்டுப் பாட்டிலில் அடைக்கிறார்கள். பிறகு ஒன்றுகூடி, ஒருவர் பாட்டிலை மற்றவருக்குக் கொடுத்து, சுவைத்துப் பார்த்துக் குறிப்பு எழுதுகிறார்கள். கசப்பு எப்படி, நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது, வாழைப்பழ வாசம் ஏன் தூக்கலாக இருக்கிறது, நொதிக்கும்போது சூடு ஏறிவிட்டதா என்றெல்லாம் பேசுகிறார்கள். செய்முறையை யாரும் ஒளித்துவைப்பதில்லை. கேட்டவருக்கெல்லாம் கிடைக்கிறது.

இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. கைவேலையில் ஆர்வம், அறிவைப் பகிர்ந்துகொள்ளும் மனம், லாப நோக்கம் இல்லாத நட்பு என எல்லாமே நல்ல விஷயங்கள்தான். நம் கேள்வி வேறு. இதே வேலையைப் பென்னாகரத்தில் ஒரு கூலித் தொழிலாளியோ, மலையடிவாரத்து இருளர் குடும்பமோ செய்தால் அதற்கு என்ன பெயர்?

அதற்குப் பெயர் ‘ஊறல்’. மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நான்கு வரிச் செய்தி. இத்தனை லிட்டர் ஊறல் அழிப்பு, ஒருவர் கைது. குடத்தைக் கவிழ்க்கும் காவலரின் படம். அந்தக் குடத்தில் எந்தத் தானியம் ஊறியது, என்ன பக்குவத்தில் ஊறியது, அந்தப் பக்குவம் எத்தனை தலைமுறையாகக் கைமாறி வந்தது என்று எந்த நிருபரும் கேட்பதில்லை. நகரத்துக்காரரின் பானத்துக்குச் சுவைக்குறிப்பு எழுதப்படுகிறது. நாட்டுப்புறத்தாரின் பானத்துக்கு முதல் தகவல் அறிக்கை எழுதப்படுகிறது.

தமிழ்நாட்டிலேயே கேழ்வரகு அதிகம் விளையும் மண் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள். பென்னாகரத்தின் மானாவாரிக் காடுகளில் கேழ்வரகு விளைகிறது, களியாகவும் கூழாகவும் வயிற்றை நிரப்புகிறது. தமிழ்நாடு அரசு 2023-இல் ரேஷன் கடைகளில் கேழ்வரகு வழங்கத் தொடங்கியபோது அதற்குத் தேர்ந்தெடுத்த முதல் இரண்டு மாவட்டங்கள் நீலகிரியும் தருமபுரியும். 2024-25 பருவத்துக்குக் கேழ்வரகின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,290 ரூபாய். கிலோவுக்கு 43 ரூபாய்கூட இல்லை. அதே கேழ்வரகைச் சேர்த்து பெங்களூரின் மைக்ரோபுரூவரிகளில் பியர் தயாரிக்கிறார்கள். ஒரு கிளாஸ் சில நூறு ரூபாய். அந்த நகரத்தின் கட்டடங்களில் செங்கல்லும் ஜல்லியும் சுமக்கிறவர்களில் பென்னாகரம் வட்டாரத்திலிருந்து பேருந்தேறிப் போனவர்கள் ஏராளம். விளைவித்தவர் அவர், கட்டடத்தை எழுப்பியவரும் அவர். அந்த கிளாஸ் மட்டும் அவருக்கு எட்டாது. ஊரில் தன் வீட்டுக் கேழ்வரகை முளைகட்டி ஊறவைத்தாலோ சட்டம் குறுக்கே வரும்.

இந்தப் பக்குவம் ஐரோப்பாவிலிருந்து வந்ததென்று நினைக்க வேண்டாம். அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாய்த் தட்டில் ஆறவைத்து, முளைவிட்ட தானியத்தின் மாவைக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விட்டுப் பிழிந்தெடுக்கும் முறையைப் பெரும்பாணாற்றுப்படை விவரிக்கிறது. வீட்டில் செய்த நெல் கள்ளான ‘தோப்பி’யும் அதே நூலில் வருகிறது. முளைவிட்ட தானியம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும், ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைச் சாராயச்சத்தாக்கும். இன்றைய ஹோம்புரூயர் செய்வதும் இதே வேதியியல்தான். தகடூர் என்ற பழம்பெயர் கொண்ட தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கு ஔவையார் பாடிய கையறுநிலையில், கிடைத்த கள்ளைப் பாடவந்தவரோடு பகிர்ந்துகொண்ட அவன் குணம்தான் முதலில் நினைவுகூரப்படுகிறது. பகிர்ந்து குடிப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

பிறகு எப்போது இது குற்றமானது? முதலில் வந்தது வெள்ளையர் அரசின் கணக்கு. 1886-ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம் மதுவை உரிமம், வரி, ஏலம் என்ற வலைக்குள் கொண்டுவந்தது. உரிமம் எடுக்க வசதியுள்ளவர் வியாபாரியானார், வசதியில்லாதவர் குற்றவாளியானார். அடுத்து வந்தது ஒழுக்கம். சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல்தான். ஆகவே பென்னாகரமும் அந்த முதல் சோதனைக் களத்துக்குள்தான் இருந்தது. மதுவால் வந்த வருமானம் போனதை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரி வந்தது.

அந்த 1937-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இன்றும் நடப்பில் இருக்கிறது. இடையில் அரசு மட்டும் தனக்கு வேண்டிய கதவுகளைத் திறந்துகொண்டது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது. 1987-இல் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. 2003-இல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக்கின் கைக்கு வந்தது. 2023-24-இல் இதிலிருந்து அரசுக்குக் கிடைத்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். இன்றைய நிலையைச் சுருக்கமாகச் சொன்னால், 42.8 விழுக்காடு சாராயச்சத்து உள்ள பிராந்தியை ஆலை முதலாளி தயாரித்து அரசு விற்றால் அது வருவாய். ஏறத்தாழ 5 விழுக்காடு உள்ள கள்ளைப் பனையேறி இறக்கினால் அது குற்றம். பானத்தின் வீரியத்தைப் பார்த்து வந்த சட்டமாக இது தெரியவில்லை. தயாரிப்பவரின் முகத்தைப் பார்த்து வந்ததாகவே தெரிகிறது.

கர்நாடகத்திலும் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது கலால் சட்டப்படி குற்றம்தான். ஆனால் அடுக்குமாடி வீட்டின் கதவை உடைத்து ஹோம்புரூயர் ஒருவரின் பாத்திரத்தைக் கவிழ்த்ததாக எத்தனை செய்திகள் படித்திருக்கிறீர்கள்? இங்கேயோ குண்டர் சட்டம் என்று நாம் அழைக்கும் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முழுப்பெயரிலேயே முதலில் நிற்பவர் கள்ளச்சாராயக்காரர். அதன்படி விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை ஒருவரை அடைத்துவைக்கலாம்.

‘கள்ளச்சாராயம் குடித்து மக்கள் சாகிறார்களே’ என்ற கேள்வி நியாயமானது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் நடந்தவை கொலைகள். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். அவர்களைக் கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலைகளில் பயன்படும் வேதிப்பொருள். கேழ்வரகோ அரிசியோ பனஞ்சாறோ நொதிக்கும்போது ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் உருவாவதில்லை. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு சட்டம் திருத்தப்பட்டு, உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனை, 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்று ஆக்கப்பட்டது. மெத்தனால் விற்பவருக்கு அது பொருந்தட்டும். ஆனால் ஊறல் பானையையும் மெத்தனால் கேனையும் ஒரே பார்வையில் பார்க்கும் வரை, பாதுகாப்பான பானம் மறைவாகவும் விஷம் மலிவாகவும் கிடைத்துக்கொண்டேதான் இருக்கும்.

இந்த வேறுபாட்டை அரசமைப்புச் சட்டத்தை உருவாக்கியவர்கள் அறியாமல் இல்லை. 1948 நவம்பரில் மதுவிலக்கைப் பற்றிய நெறிமுறை விவாதத்துக்கு வந்தபோது, ஆதிவாசிகளின் பிரதிநிதியாக ஜெய்பால் சிங் முண்டா எழுந்து எதிர்த்தார். அரிசி பியர் தன் மக்களின் சமய வாழ்விலும் வயல் வேலையிலும் பிரிக்க முடியாத பங்கு வகிக்கிறது என்று வாதிட்டார். இது அரசைக் கட்டாயப்படுத்தும் விதியாக இராது, பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு என்பது அம்பேத்கரின் பதிலின் சாரம். பின்னாளில் மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்கள் பழங்குடிகள் தங்கள் தேவைக்கு வீட்டில் மது தயாரிக்க விலக்கு அளித்தன. 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டம், மதுவைத் தடைசெய்வதா, கட்டுப்படுத்துவதா என்று முடிவெடுக்கும் அதிகாரத்தை ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளின் கிராம சபைகளுக்குக் கொடுத்தது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று ஓர் ஊர்கூட இல்லை. அதனால் பென்னாகரத்து மலைக்கிராமங்களுக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை.

அமெரிக்காவில் வீட்டு பியர் 1978-இல் கையெழுத்தான சட்டத்தால் குற்றப்பட்டியலிலிருந்து நீங்கியது. விற்கக்கூடாது, ஒருவர் ஆண்டுக்கு 100 கேலன் வரை, அதாவது சுமார் 378 லிட்டர் வரை தயாரிக்கலாம் என்பது ஏற்பாடு. பிரிட்டனில் 1963-லேயே உரிமம் தேவையில்லாமல் போனது. கேரளத்தில் கள் இறக்குவோருக்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே நலநிதி வாரியமே இருக்கிறது. ஆகவே ‘முறைப்படுத்த முடியாது’ என்ற வாதம் நிற்காது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். சாதி எதிர்ப்பு இயக்கத்துக்குள்ளேயே மதுவைப் பற்றி நீண்ட விவாதம் உண்டு. ஈழவர் சமூகத்தில் பிறந்த நாராயண குரு கள் இறக்கும் தொழிலையே கைவிடச் சொன்னார். பெரியார் காங்கிரஸில் இருந்தபோது தன் தோப்பின் தென்னைகளை வெட்டினார், பின்னாளில் மதுவிலக்கை எதிர்த்தும் எழுதினார். சாவு வீட்டில் பறையடித்தவருக்குக் கூலிக்குப் பதில் சாராயத்தை ஊற்றி அனுப்பிய ஆண்டைகளின் வழக்கத்தை எதிர்த்துத் தலித் இளைஞர்கள் பறையையே கீழே வைத்த வரலாறு இருக்கிறது. குடித்துவிட்டு வரும் கணவனிடம் அடிவாங்கும் பெண்ணுக்கு ‘பண்பாட்டு உரிமை’ என்று வகுப்பெடுக்கும் தகுதி யாருக்கும் இல்லை. 1992-இல் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்து தூபகுண்டாவில் சாராயக்கடையை மூடவைத்தது உழைக்கும் பெண்கள்தான். அவர்களின் கோபம் உண்மையானது.

அந்தக் கோபத்தை ஒதுக்கிவிட்டுப் பேசுவதாக இருந்தால் இந்தத் தலையங்கத்துக்குத் தேவையே இல்லை. ஆனால் அந்தக் கோபத்துக்கு இன்று கிடைத்திருக்கும் பதில் என்ன? ஊர்தோறும் அரசுக் கடை. அதை எங்கே திறப்பது, எப்போது மூடுவது என்பதில் அந்த ஊர்ப் பெண்களின் சொல் ஏறுவதில்லை. வீட்டுப் பானை அழிந்ததால் குடி ஒழிந்துவிடவில்லை. கூலியில் பாதி ஊருக்கு வெளியே போய்ச்சேரும் வழிதான் திறந்திருக்கிறது.

இன்னொன்றையும் இளைய தோழர்கள் யோசிக்க வேண்டும். ஹோம்புரூயர்கள் ஒருவர் செய்ததை மற்றவர் தயங்காமல் வாங்கிக் குடிக்கிறார்கள். இரட்டைக் குவளையைக் கண்ட நம் ஊர்களில் இது எளிய செயலா? ஊர்த்தெருவில் இருப்பவர் காலனியில் ஊறிய கூழையாவது கைநீட்டி வாங்குவாரா? சமபந்தி மட்டுமே சாதியைக் கொன்றுவிடாது என்று 1936-லேயே அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ நூலில் எச்சரித்தார், கலப்புமணத்தையே உண்மையான மருந்தாகச் சொன்னார். அது சரி. ஆனால் கைமாறி வரும் ஒரு குவளையைக்கூட வாங்க முடியாத ஊரில் சாதி எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதற்கு அந்தக் குவளையே அளவுகோல். நகரத்து நண்பர் கூட்டம் தன்னைச் சாதியற்றது என்று நம்பிக்கொள்ளலாம். அந்த மேசையைச் சுற்றி யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், தங்கள் ஊறலைப் பற்றிப் பேச யாருக்குத் துணிச்சல் இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

நாம் கேட்பவை எளியவை. நொதித்த பானத்தையும் வடித்த சாராயத்தையும் சட்டம் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். விற்பனைக்கு அல்லாமல் வீட்டுத் தேவைக்கு, அளவு வரம்போடு தயாரிப்பதைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்க வேண்டும், அதைப் பழங்குடிக் கிராமங்களிலிருந்து தொடங்க வேண்டும். கள்ளுக்கான தடையை விலக்கி, இறக்குவோரின் கூட்டுறவுகளிடம் உரிமத்தைக் கொடுக்க வேண்டும். மெத்தனால் ஆலையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கு கேட்க வேண்டும். டாஸ்மாக் கடை வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெண்கள் பெரும்பான்மையாகக் கலந்துகொள்ளும் கிராம சபை முடிவுசெய்ய வேண்டும், அந்த முடிவு அரசைக் கட்டுப்படுத்த வேண்டும்.

பெங்களூரிலும் சென்னையிலும் பியர் காய்ச்சும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பொழுதுபோக்குக்குச் சட்ட அனுமதி கேட்டு ஒருநாள் நீங்கள் மனு எழுதுவீர்கள். அந்த மனுவில் பென்னாகரத்து ஊறல் பானைக்கும் ஒரு வரி இருக்கட்டும். உங்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்து அந்தப் பானை தொடர்ந்து உடைபடுமானால், சட்டம் உங்களுக்குக் கொடுத்தது உரிமை ஆகாது. அதற்குச் சலுகை என்று பெயர்.