உயிருள்ள பெட்டிக்குப் பாடை

கம்ப்யூட்டர் சமாசாரத்தில் கதாசிரியனுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். உப்பு விலையைப் பற்றிப் பேச உப்பளத்திலேயே பிறந்திருக்க வேண்டுமா என்ன? அந்தப் பெட்டியில் எழுதித்தான் நான் பிழைக்கிறேன். அந்த அருகதை போதும்.

விண்டோஸ் 10-க்கு இனிப் பராமரிப்பு இல்லை என்று 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு கையைக் கழுவிவிட்டது மைக்ரோசாஃப்ட். வீட்டில் வைத்திருப்பவர்கள் பெயரைப் பதிந்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை வரும் என்று ஒரு வருஷத் தவணை கொடுத்தார்கள். அதற்குள் பதினொன்றுக்கு மாறிக்கொள்ள வேண்டுமாம். மாறலாம்தான். ஆனால் அது எல்லாப் பெட்டியிலும் ஏறாதே! டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறையாவது, அதாவது ஏறக்குறைய 2017-க்குப் பின் வந்ததாக, இருக்க வேண்டும். “தள்ளிவிட்டுப் புதுசு வாங்கிருங்க, அண்ணாச்சி” என்றார் தூத்துக்குடிக் கடைக்காரர் ஒருவர். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வருஷத்தைக் கேட்டார், பாடை கட்டிவிட்டார்.

எல்லாம் பாதுகாப்புக்காக என்கிறார்கள். பாதுகாப்பு வேண்டாமென்று யார் சொன்னது? 2017 மே மாதம் ‘வானாக்ரை’ என்ற பிணைக்காசு வைரஸ் உலகை ஒரு கலக்குக் கலக்கியது. இங்கிலாந்து அரசு ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன்கள் தள்ளிப்போயின; ஆந்திரப் போலீஸாரின் கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வந்துவிட்டது. போட்டுக்கொள்ளாதவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். ஆகவே, “என்னிடம் திருட என்ன இருக்கிறது, பழசே போதும்” என்று சும்மா இருப்பவர்கள் கட்சியில் நான் இல்லை.

ஆனால் ஏழாம் தலைமுறைக்கு ஆகாத பாதுகாப்பு எட்டாம் தலைமுறைக்கு எங்கிருந்து வந்தது? 2021-ல் இந்த எல்லைக்கோட்டைக் கிழித்தவர்களே அதே வருஷம் ஏழாம் தலைமுறையில் ஒரு பிராசசருக்கு விலக்குக் கொடுத்தார்கள். ஐ7-7820எச்.க்யூ. என்பது அதன் பெயர். மைக்ரோசாஃப்ட் தானே தயாரித்து விற்ற ‘சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2’ என்ற விலை உயர்ந்த கம்ப்யூட்டரில் இருந்ததும் அதுதான்! தன் பிள்ளைக்கு ஒரு சட்டம், ஊரான் பிள்ளைக்கு ஒரு சட்டம்.

இந்தக் கணக்கில் குப்பைக்குப் போகக்கூடியவை உலகம் முழுவதும் 24 கோடிப் பெட்டிகள் என்று கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023-ல் மதிப்பிட்டது. உலகம் இருக்கட்டும். எங்கள் சாயர்புரம் பக்கம் வாழைக்கும் பனைக்கும் நடுவே இருக்கிற வீடுகளுக்கு வாருங்கள். 2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் ஐம்பது லட்சத்துக்கும் மேல். அண்ணன் பிளஸ் டூவில் வாங்கியதைத் தங்கை பி.காமுக்கு வைத்திருக்கிறாள். பாட்டரி போய்விட்டது, ஒயரைச் செருகினால் ஓடுகிறது. அதைத் தள்ளிவிட்டு முப்பதாயிரம் ரூபாய்க்குப் புதிது வாங்கு என்று அந்தப் பெண்ணின் தகப்பனாரிடம் யார் போய்ச் சொல்வது? நம் எல்லோருடைய வரிப்பணமும் அல்லவா அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது?

தூத்துக்குடித் துறையில் பாய்மரத் தோணிகளுக்கு எஞ்சின் வந்த காலத்தில், மரம் நன்றாக இருந்த தோணியை எவனும் விறகுக்குப் போடவில்லை. அதே தோணிக்குள் எஞ்சினைப் பொருத்திச் சரக்கேற்றினார்கள்.

பழைய பெட்டிக்குள் பொருத்தவும் எஞ்சின் இருக்கிறது. லினக்ஸ் என்று பெயர், விலை கிடையாது, திருத்தங்கள் தொடர்ந்து வருகின்றன. சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் ‘பாஸ்’ என்று அதில் ஓர் இந்தியப் பதிப்பே செய்திருக்கிறது. தமிழ்99 விசைப்பலகை அதில் உண்டு. கடிதம், கணக்குத்தாள், சினிமா, இண்டர்நெட் எல்லாம் ஆகும். பழைய பெட்டியென்றால் மெல்லிய பதிப்பாகப் பார்த்துப் போட வேண்டும், அவ்வளவுதான். டாலியில் கணக்கெழுதும் வாழைமண்டிக்காரருக்கு மட்டும் நான் இதைச் சொல்லமாட்டேன். அவருக்கு விண்டோஸ்தான் சௌகரியம். பெட்டி இடம் கொடுத்தால் இன்றே பதினொன்றுக்குப் போகட்டும்.

நம்மவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. அரசு கொடுத்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸும் இருந்தது. பையன்கள் செய்த முதல் காரியம், அதை அழித்துச் சினிமாவுக்கு இடம் பண்ணியது. பையன்கள்தானே, போகட்டும். பெரியவர்கள் என்ன செய்தார்கள்? 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு இதே கதி வந்தபோது, பாஸுக்கு மாறும்படி தமிழ்நாடு அரசே தன் இலாகாக்களுக்குச் சொன்னது. இன்று எத்தனை தாலுகா ஆபீஸ் மேஜைகளில் பாஸ் இருக்கிறது என்று வாசகர்களே எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் காகிதத்தைத் தூசி தட்டி எடுக்கட்டும். இலாகாக்களுக்கு மட்டுமல்ல, பிள்ளைகள் கையில் கொடுத்த பெட்டிகளுக்கும் சேர்த்து இந்தத் தடவை உத்தரவு போடட்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் நாலு சனிக்கிழமை, ஒரு மேஜை, ஒரு பென் டிரைவ், விஷயம் தெரிந்த இரண்டு மாணவர்கள். ஊர்க்காரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேருவார்கள்.