மலையில்லாக் கரைக்குப் போகிறவர்களுக்கு

கடற்கரைச் சுற்றுலா என்றதும் நம்மில் பலருக்கு மனதில் எழும் படத்தில் ஒரு மலையும் சேர்ந்தே நிற்கும். திருகோணமலையில் கோணேசர் கோயில் இருக்கும் குன்று செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. அதன் விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. கன்னியாகுமரிக்குப் போகும் வழியெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வருகிறது. இப்படிப் பழகிய கண்ணோடு மன்னாருக்கு வருகிறவர் ஏமாந்துதான் போவார். சுமார் 130 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மன்னார்த் தீவில் ஏறி நின்று பார்க்க ஒரு மேடுகூடக் கிடையாது. பாலத்தைத் தாண்டினால் கோட்டை, பிறகு நகரம், பனங்கூடல், வெளி, ரோட்டோரத்தில் கழுதைகள், மறுபடியும் பனை, கடைசியில் தலைமன்னார் இறங்குதுறை. அரை நாளில் சுற்றி முடித்துவிட்டு 'இங்கே என்ன இருக்கிறது?' என்று கேட்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்கக்கூடியது அங்கே உண்மையிலேயே குறைவு. மன்னாரின் செல்வமெல்லாம் பருவத்தோடு வந்து பருவத்தோடு போவது. இந்தக் கரைக்குச் சுற்றுலாவைக் கொண்டுவர நினைப்பவர்கள் எங்கே எதைக் கட்டலாம் என்று வரைபடத்தை விரிக்குமுன் நாட்காட்டியைப் புரட்ட வேண்டும் என்று இங்கே வாதிடப் போகிறேன்.

முதற்சான்று பறவைகள். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள கடல் முழங்காலளவுகூட இல்லாத இடங்கள் பல. நிலம் சரிவே இல்லாமல் கிடப்பதால் நீர் சிறிது வற்றினாலும் பெரிய சேற்றுவெளி வெளிப்படுகிறது. அந்தச் சேற்றில் இருக்கும் புழுவும் இறாலும் பாசியும்தான் பறவைக்கு உணவு. கரை செங்குத்தாக இறங்கியிருந்தால் இந்தச் சாப்பாட்டு மேசையே இருந்திருக்காது. மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் இந்தியாவின் நீளத்தைக் கடந்து தெற்கே வரும் பறவைகளுக்கு, இராமேசுவரத்தை விட்டால் கிடைக்கும் முதல் இலங்கை மண் மன்னார். 2008 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட வங்காலை, 2010 இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு 4,839 ஹெக்டேயர். மழைக்காலத்தின் பின் பூநாரைகள் கூட்டமாக இறங்குவது அங்கேதான். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021 இல் மன்னாரில் பிடித்துச் செய்மதிக் கருவி பொருத்திவிட்ட கடற்காகங்கள், ரஷ்யாவின் ஆர்க்டிக் கரையிலுள்ள யமால் தீபகற்பம்வரை பறந்து போயின. ஜூலையில் வங்காலைக்குப் போகிறவர் உப்புப் பூத்த வெறும் வெளியைப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு திரும்புவார். ஜனவரியில் போகிறவர் அதே இடத்தில் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்க மாட்டார்.

பறவையைப்போலத்தான் மனிதரும் இந்தக் கரைக்கு வந்து போயிருக்கிறார்கள். சுற்றுலா ஏதோ இனிமேல்தான் மன்னாருக்கு வரப்போகிறது என்பதுபோலப் பேசுகிற திட்ட அறிக்கைகளுக்கு இந்த வரலாறு கண்ணில் படுவதில்லை. வாடைக் காற்று ஓய்ந்து, சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று தொடங்குமுன் கடல் அமைதியாக இருக்கும் சில வாரங்களில்தான் முத்துக்குளிப்பு. அந்த வாரங்களில் அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிப் பக்கத்தில் மணலின்மேல் ஒரு நகரமே முளைக்கும். குளிகாரர்கள் தமிழ்நாட்டிலிருந்தும் அரபுக் கரையிலிருந்தும் வந்தார்கள். வியாபாரிகள், கடைக்காரர், பிச்சைக்காரர், திருடர் எல்லோரும் வந்தார்கள். 1906 இல் மறிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் அரச அதிகாரியாக வேலை பார்த்த லெனார்ட் வுல்ஃப் பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் அதை விரிவாக எழுதியிருக்கிறார். பருவம் முடிந்ததும் கிடுகும் கம்பும் பிரிபடும்; சிப்பி ஓடு மட்டும் மிஞ்சும். இன்றைக்கும் ஆகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் தமிழரும் சிங்களவரும் இலட்சக்கணக்கில் வந்து காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்கிப் போகிறார்கள். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தில் சிவராத்திரிக்குப் பாலாவியில் நீராடச் சனம் திரள்கிறது. அந்தக் கோயிலைச் சுற்றிய மாதோட்டமோ பழைய துறைமுகம். அகழாய்வில் சீனப் பீங்கானும் பாரசீக மட்பாண்டமும் மிளகும் கிராம்பும் கிடைத்த இடம். பாய்மரக் காலத்தில் கப்பல் வருவதும் போவதும் பருவக்காற்று வைத்த நேரத்தில்தான். விருந்தாளியைப் பருவத்தில் வரவேற்றுப் பருவத்தில் வழியனுப்புவது இந்த ஊருக்குக் கைவந்த கலை.

இந்த ஒழுங்கை மீறி நிரந்தரமாக, அதுவும் உயரமாகக் கட்டிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த், 1801 க்கும் 1804 க்கும் இடையில் அரிப்பில் கடலோர மேட்டில் கிரேக்கப் பாணித் தூண்களோடு ஒரு மாளிகை கட்டுவித்தார். முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய ஆளுநர் வந்து தங்கும் வீடு அது. ஊரார் அதை அல்லிராணி கோட்டை என்று சொல்லி, ஆளுநரை வெளியேற்றிவிட்டுப் பழங்கதை ராணியைக் குடிவைத்துவிட்டார்கள். எனக்கு அது நியாயமான தீர்ப்பாகவே படுகிறது. முத்துப் படுக்கை வெறுமையானது, மாளிகை கைவிடப்பட்டது, மேட்டைக் கடல் அரித்துக்கொண்டே வருகிறது, சுவர்கள் துண்டு துண்டாகக் கீழே விழுகின்றன. இன்னும் தெற்கே, வில்பத்துக் காட்டின் கடலோரத்தில் குதிரைமலை இருக்கிறது. உரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்லும் 'ஹிப்புரோஸ்' துறைமுகம் அதுவே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். இந்தக் கரையில் மலை என்று பெயர் பெற்றது அது ஒன்றுதான், அதுவும் ஒரு செம்மண் முனை. மலையும் கடலும் சேர்ந்த காட்சிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்கு வில்பத்து வழியாக அங்கே போகலாம் என்பதற்குமேல் மன்னாரால் உதவ முடியாது.

தட்டையான நிலத்தில் கட்டுமானம் செய்யும் கெடுதி, மலைநாட்டில் பழகிய பொறியியலாளருக்கு உடனே விளங்காது. மலையில் மழைநீர் தானே வழி கண்டுபிடித்து ஓடிவிடும். மன்னார்த் தீவில் நீர் ஓட விரலளவு சரிவுதான் இருக்கிறது. அரை மீட்டர் உயர்த்திப் போட்ட ரோடே அங்கே அணைக்கட்டு. மார்கழி மழையில் வீட்டுக்குள் வெள்ளம் நிற்பதற்குக் காற்றாலைகளுக்காகப் போட்ட பாதைகளும் மேடைகளும் ஒரு காரணம் என்று தீவு மக்கள் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள். குடிநீர் சங்கதி இன்னும் நுட்பமானது. தீவில் ஆறு இல்லை. பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கிணற்றில் அள்ளுவது அதைத்தான். நீச்சல்குளமும் புல்தரையுமாக ஒரு பெரிய விடுதி இரவும் பகலும் மோட்டார் போட்டு இறைத்தால் அயலிலுள்ள கிணறுகள் உவர்ப்பாகும். அந்த மணலையே தோண்டி இல்மனைற்றுக் கனிமம் எடுக்கும் திட்டத்தை மன்னார் மக்கள் எதிர்ப்பது மணல்மீதுள்ள பாசத்தால் அல்ல, தண்ணீர்த் தொட்டியே அந்த மணல்தான் என்பதால்.

இந்த வாதத்துக்கு வரக்கூடிய மறுப்புகளில் மிகப் பலமானது மின்சாரம். தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவாட் தரும் தம்பபவனி 2020 இன் கடைசியில் திறக்கப்பட்டது. நாட்டிலேயே நல்ல காற்று வீசும் இடங்களில் மன்னாரும் ஒன்று; நிலக்கரியை எரித்துக் கடல்மட்டத்தை உயர்த்தினால் முதலில் மூழ்கப்போவதும் இதுபோன்ற தட்டைத் தீவுகள்தான். பறவைக்காகவும் பயணிக்காகவும் காற்றாலையை வேண்டாம் என்பது பணக்காரப் பொழுதுபோக்கு இல்லையா என்று கேட்பவர்களுக்கு நேரான பதில் தேவை. காற்றாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வடமேல் இலங்கையில் காற்று வீசும் நிலம் வேறும் உண்டு. இராமேசுவரம் வழியாக வரும் பறவைகளுக்கு வாசல் இது ஒன்றுதான். பெருநிலத்தில் நட்டாலும் சுழலக்கூடிய தூணை இந்த ஒடுங்கிய தீவிலேயே நெருக்கி நெருக்கி நடுவது ஏன் என்பதுதான் கேள்வி. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் அமைக்கவிருந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மன்னாரில் வேறு திட்டங்களுக்கு எதிராக மக்கள் வீதிக்கு வந்தார்கள். நிறுவனம் எது என்பது அவர்களுக்குப் பெரிய விடயமாக இல்லை என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

வேலைவாய்ப்பு என்பது அடுத்த மறுப்பு. இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போகும் கடலில் தொழில் செய்கிறவரிடம், பிள்ளைக்கு ஹோட்டலில் வேலை கிடைப்பதை எதிர்க்கிறேன் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் யாருடைய வேலைக்கு ஈடாக அந்த வேலை வருகிறது என்று பார்க்க வேண்டும். மன்னார்க் கடற்றொழிலாளர் ஒரே இடத்தில் இருந்து தொழில் செய்வதில்லை. சோளகத்தில் தென்கடல் கொந்தளித்தால் வடகடலுக்கு மாறுவார்கள், காற்று திரும்பினால் தங்கித் தொழில் செய்யும் வாடியையும் திருப்புவார்கள். ஆறு மாதம் காலியாகக் கிடக்கும் கரை ஆளில்லாத கரை என்று வரைபடத்தில் தெரியும். கற்பிட்டியில் 14 தீவுகளை உள்ளடக்கிய சுற்றுலாத் திட்டத்தைக் கடற்றொழிலாளர் எதிர்த்தது, துறைக்கும் வாடிக்கும் போகும் வழி அடைபடும் என்ற பயத்தால்தான். விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கத்திலிருந்து ஏறத்தாழ 168 ஹெக்டேயரை இறால் பண்ணைக்காக விலக்கி 2024 இல் வந்த வர்த்தமானியை உச்ச நீதிமன்றம் இடைநிறுத்தியிருக்காவிட்டால், அங்கேயும் கண்டற்காட்டை நம்பிய நண்டும் இறாலும் சிறு தொழிலாளியின் கைக்கு எட்டாமல் போயிருக்கும். இதைவிட அடிப்படையான கணக்கும் ஒன்று இருக்கிறது. 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி உட்படத் தீவின் முஸ்லிம் ஊர்கள் எல்லாம் புலிகளால் வெளியேற்றப்பட்டன. திரும்பி வந்தவர்கள் இன்னும் நிலத்துக்கு அலைகிறார்கள். 2007 இல் வெளியேற்றப்பட்ட முள்ளிக்குளத்தார் ஊரில் கடற்படைத் தளம் வந்தது. 2017 இல் அவர்கள் போராடிய பிறகே ஒரு பகுதியாவது விடுவதாக அரசு ஒப்புக்கொண்டது. ஊர்க்காரருக்கு நிலம் இல்லாத கரையில் விருந்தாளிக்கு ஏக்கர் கணக்கில் ஒதுக்குவதை எந்தத் திட்டத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

பருவத்தை மட்டும் நம்பினால் மீதி மாதங்களில் அடுப்பு எரியுமா என்று கேட்கலாம். எரியாது, அதனால்தான் சுற்றுலா இங்கே முழுநேரத் தொழிலாக வேண்டாம் என்கிறேன். வாடைக் காலத்தில் வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு விட்டு, பறவை பார்ப்பவரை விடியலில் ஓட்டோவில் வங்காலைக்குக் கூட்டிப்போய், பள்ளிமுனைப் பெருக்கமரத்தைக் காட்டி, மதியம் நண்டுக் குழம்பும் சோறும் போட்டு அனுப்பும் குடும்பம், சோளகத்தில் தன் தொழிலுக்குத் திரும்பிவிடும். அந்த மரம் ஏழெட்டு மீட்டருக்குமேல் உயராமல், அடி மட்டும் பத்தொன்பது மீட்டர் சுற்றளவுக்குப் பெருத்து நிற்கிறது. அரபு வணிகர் கொண்டுவந்தது என்பார்கள். சோளகக் காற்றைத் தேடிப் பட்டம் கட்டிய பலகையோடு வரும் வெளிநாட்டவருக்கும் இதே ஏற்பாடு போதும். இதற்கு அரசு செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: ரயில், சுத்தமான கழிப்பறை, பயிற்சி பெற்ற ஊர் வழிகாட்டிகள், சரணாலயத்துக்கு வேலை செய்யும் காவலர்கள்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் போங்கள். போரில் அழிந்து 2015 இல் மீண்டும் திறந்த தலைமன்னார் ரயில் பாதை இருக்கும்போது கொழும்பிலிருந்து வாகனம் பிடிக்க வேண்டியதில்லை. ஊரார் நடத்தும் வீட்டில் தங்கி, பேசாலையில் கருவாடு வாங்கி வாருங்கள். தலைமன்னாரிலிருந்து ஆதாம் பால மணல்திட்டுகளுக்குப் படகு போகும். 2015 முதல் அது கடல்சார் தேசியப் பூங்கா. மே முதல் செப்டம்பர் வரை ஆலாக்கள் அந்த வெறும் மணலில் முட்டையிடும் காலம். அந்த மாதங்களில் யார் கூப்பிட்டாலும் திட்டில் இறங்காதீர்கள்.