தருமமன்று, தொழிற் கடன்

வறியோர்க்கு வழக்குரைத்தலைத் தருமம் எனப் பேசும் வழக்கம் எம் சட்டத்தரணிகளிடையே வேரூன்றிவிட்டது. அண்மையிற் சத்தியப்பிரமாணஞ் செய்த இளைஞர்கூட, இலவச முகாமொன்றில் விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கொடுத்ததோடு கடன் தீர்ந்ததாகக் கருதுகின்றனர். இதனை நாம் ஏற்பதற்கில்லை.

மருதமுனை நெசவுச்சாலையிலோ கல்முனைக் கடையிலோ 10 ஆண்டுகள் உழைத்தவன் ஒரு வாய்ச்சொல்லால் நீக்கப்படுகின்றான் என வைத்துக்கொள்வோம். வேலை நீக்கத்தைக் கட்டுப்படுத்தும் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், 15 பேருக்குக் குறைந்தோர் வேலைசெய்யும் இடங்களை அணுகாது. அவனுக்கு எஞ்சியிருப்பது, கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்திற்கு 1957இல் செய்த திருத்தத்தால் தோன்றிய தொழில் நியாய சபையே. ஒப்பந்தம் யாது கூறினும், நீதியும் நியாயமுமான கட்டளையிட அச்சபைக்கு அதிகாரமுண்டு. தொழிலாளி தானே விண்ணப்பிக்கவும் இடமுண்டு. ஆயின், குறித்த காலத்துள் விண்ணப்பித்தாக வேண்டும். நியமனக் கடிதமோ சம்பளச் சீட்டோ இல்லாதவன், தான் அங்கு வேலைசெய்ததையே நிறுவவேண்டும். எதிரே முதலாளியின் சட்டத்தரணி நிற்பார்.

1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உள்ளதே என்பர். அது இருப்பது ஏனையோரின் கையைக் கட்டிவிட்டதோ?

உண்மைத் தடை வேறு. வியாபார வழக்குகளைத் தருபவரும் முதலாளியே. சிறு பட்டினத்தில் அவரைப் பகைத்தாற் கட்சிக்காரர் குறைவர் என்று இளைஞர் அஞ்சுகின்றனர். தம் கட்சிக்காரருக்கு எதிராகவே நிற்றல் தகாதுதான்; கல்முனையில் முதலாளி ஒருவர் மட்டுமா உள்ளார்? அக்கரைப்பற்றுச் சட்டத்தரணி கல்முனைத் தொழிலாளிக்கும், கல்முனைச் சட்டத்தரணி அக்கரைப்பற்றுத் தொழிலாளிக்கும் ஆண்டுக்கு இரு வழக்குகளேனும் கட்டணமின்றி நடத்தட்டும். முகாமையும் மாலை மரியாதையையும் பின்னர் வைத்துக்கொள்ளலாம்.