பிடித்த பாதரசத்தை எங்கே வைப்பீர்கள்?

"அதெல்லாம் சாம்பலோட போயிடும்."

அனல்மின் நிலையப் புகையிலிருந்து பாதரசத்தைப் பிடிக்கும் களிமண் தூளைப் பற்றி மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவர் எனக்குச் சொன்ன பதில் இது. 'பிடிச்ச பாதரசம் அப்புறம் எங்க சார் போகும்' என்றுதான் கேட்டேன். தோழர்களே, எங்க அப்பா இருபது வருஷம் சாம்பல் லோடு ஏத்தினவர். எங்க சித்தி குடும்பம் இன்னும் செங்கல் சூளையில் கிடக்கிறது. சாம்பலோடு போவது எங்கே போகும் என்று எங்களுக்குத் தெரியும்.

பாதரசம் என்றதும் நமக்குக் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை ஞாபகம் வரும். 2001இல் மூடப்பட்டது. அது கண்ணுக்குத் தெரிந்த பாதரசம். நிலக்கரியில் இருப்பது தெரியாது. ஒரு டன்னில் ஒரு கிராம்கூட இருக்காது. ஆனால் 500 மெகாவாட் அலகு ஒன்று ஒரு நாளைக்கு ஏழெட்டாயிரம் டன் எரிக்கிறது. பாதரசம் மக்கி அழிகிற பொருளும் இல்லை. தண்ணீரில் விழுந்தால் நுண்ணுயிர்கள் அதை மீதைல் பாதரசமாக்கும். மீனில் ஏறும், மீனைத் தின்ற தாயின் வயிற்றுப் பிள்ளையின் மூளைக்குப் போகும். 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் தெரியவந்த நோய் இதுதான். அங்கே முதலில் விழுந்தவர்கள் மீனவக் குடும்பங்கள்.

புகையில் பாதரசம் மூன்று விதமாக வருகிறது. தூசியில் ஒட்டியதை இ.எஸ்.பி. என்கிற தூசுபிடிக்கும் கூண்டு பிடிக்கும். தண்ணீரில் கரையும் வகையை, கந்தக வாயுவைக் கழுவும் கருவி பிடிக்கும். வெறும் ஆவியாக இருப்பது எதிலும் சிக்காமல் புகைபோக்கி வழியாக ஓடிவிடும். அதைப் பிடிக்க அமெரிக்காவில் கரித்தூளைப் புகையில் ஊதினார்கள். கரி கலந்த சாம்பல் கான்கிரீட்டுக்கு ஆகாது, விற்க முடியாது. அதனால்தான் கனிமத் தூள் வந்தது. பெண்டோனைட் களிமண், ஜியோலைட் மாதிரியானவற்றில் கந்தகச் சேர்மங்களை ஏற்றி ஊதினால் பாதரசம் கந்தகத்தோடு ஒட்டிக்கொள்ளும். சித்த வைத்தியர் சாதிலிங்கம் என்பாரே, அதே கந்தகமும் பாதரசமும் சேர்ந்த சேர்க்கை. சாம்பலும் கெடாது, விலைபோகும்.

நல்ல விஞ்ஞானம்தான். நான் எதிரி இல்லை. ஆனால் விலைபோன சாம்பல் எங்கே போகிறது? சிமெண்டோடு சூடில்லாமல் கலந்தால் பாதரசம் பெரும்பாலும் அங்கேயே கட்டுண்டு கிடக்கும். சூளைக்குப் போனால்? அனல்மின் நிலையத்தைச் சுற்றியுள்ள சூளைகள் செங்கல் மண்ணோடு சாம்பலைக் கலக்க வேண்டும் என்று 1999லேயே மத்திய அரசு ஆணை போட்டது. சூளையின் சூடு ஆயிரம் டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் கந்தகம் பாதரசத்தை விட்டுவிடும். அங்கே இ.எஸ்.பி. கிடையாது, களிமண் தூளும் கிடையாது. மேலே நின்று கரி போடுகிற எங்க சித்தப்பாவின் மூக்குதான் இருக்கிறது.

உயரமான புகைபோக்கியில் பிடித்ததைக் குட்டையான புகைபோக்கியில் அவிழ்த்துவிடுவதற்குப் பெயர் அகற்றுவதா? இந்த நாட்டில் அகற்றுவது என்றாலே ஒரு சாதியின் கையில் ஒப்படைப்பது என்றுதான் அர்த்தம். செத்த மாட்டை அகற்றினார்கள், மலத்தை அகற்றினார்கள். யார் கையால் என்று ஊருக்குத் தெரியும். இப்போது பாதரசம். சாதியைக் கணக்கில் எடுக்காத சுற்றுச்சூழல் விஞ்ஞானம் அழுக்கை ஊரிலிருந்து சேரிக்கு இடம் மாற்றும், அவ்வளவுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2015 டிசம்பரில் ஒரு கன மீட்டர் புகையில் 0.03 மில்லிகிராம் பாதரசம்தான் இருக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். 2018இல் இந்தியா மினமாட்டா உடன்படிக்கையை ஏற்றது. ஆனால் கந்தக வாயுவைக் கழுவும் கருவிக்கான கெடுவைத் தள்ளித் தள்ளி, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அது வேண்டாம் என்றே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். கரையும் பாதரசத்தைச் சும்மா பிடித்துத் தந்திருக்கும் கருவி அது.

மாணவத் தோழர்களே, இனி இப்படிப்பட்ட கூட்டங்களில் நீங்களும் கேளுங்கள். பாதரசம் பிடித்த சாம்பலைத் தனியாகச் சேர்க்கிறீர்களா? எந்த லாரி எங்கே கொண்டுபோகிறது என்று கணக்கு இருக்கிறதா? சூளைக்குப் போகாது என்று எழுதிக் கொடுப்பீர்களா? சாம்பல் அள்ளுகிறவர்களின் சிறுநீரில் பாதரசம் எவ்வளவு என்று ஒருநாளாவது சோதித்தீர்களா?

புகைபோக்கியில் அளந்து 'சுத்தம்' என்று எழுதினால் போதாது. அப்பா வேலைக்குப் போட்டுப்போன சட்டையில் அளந்து பாருங்கள். அப்புறம் பேசலாம்.