படாத அடிக்குத் தழும்பு

பதிவு கொஞ்சம் நீளம். கெமிஸ்ட்ரி வாத்தியார் எழுதினால் அப்படித்தான் இருக்கும், உங்களுக்குத் தெரிந்ததுதானே.

ஒரு மாதமாக வானகரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பட்டறை நடக்கிறது. மகள் வயிற்றுப் பேரன் சொந்தமாக ஒரு எலக்ட்ரிக் கிடார் செய்கிறான். வார நாட்களில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலை. ஞாயிறு வந்தால் மரத்தூளும் உப்புத்தாளுமாக மாடியே கதி. பைபாஸ் லாரிகளின் இரைச்சலில் அவன் ரம்பம் போடுவது அக்கம்பக்கத்துக்குக் கேட்பதே இல்லை. பையனுக்கு வேலை சுத்தம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் திட்டப்போகிறேன்.

கழுத்துப் பகுதியைத் தயாராகவே வாங்கிவிட்டான். உடல் மட்டும் தேக்கு. திருமழிசையில் என் அப்பா 1954இல் கட்டிய வீட்டை இடித்தபோது விற்க மனமில்லாமல் நான் எடுத்துவைத்த வாசல்கால் அது. அதை இழைத்து, நான்கு துண்டுகளாக ஒட்டி, ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தில் வெட்டியிருக்கிறான். ஃபெண்டர் கம்பெனி முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டரை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அதே 1954இல்தானாம். அதைப் படித்துவிட்டு மாடியிலிருந்து ஓடிவந்து என்னிடம் சொன்னான். அன்றைக்கு எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

போன ஞாயிறு காலை பார்த்தால் ஃபிரிட்ஜ் தட்டுகளைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். இட்லி மாவுப் பாத்திரம் தரையில்.

"என்னடா இது?"

"பெயின்ட் அடிச்சதும் கிடாரை உள்ளே வைக்கணும் தாத்தா. அப்பதான் வெடிப்பு விழும்."

வெடிப்பு விழாமல் பெயின்ட் அடிக்கத்தான் உலகத்தில் எல்லோரும் பாடுபடுகிறார்கள். இவனுக்கு விழ வேண்டுமாம். உட்காரவைத்துக் கேட்டேன். இதற்கு 'ரெலிக்' என்று பெயர். புதுக் கிடாரை அறுபது வருடம் மேடையில் அடிபட்டது போலக் காட்டும் வித்தை. 1995இல் ஃபெண்டர் கம்பெனியே இதைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. தோசைக்கு முறுகல் பதம் கேட்பது போல இதற்கும் பதம் உண்டு: பெட்டியிலேயே கிடந்தது போல, கொஞ்சம் தேய்ந்தது போல, நன்றாக அடிபட்டது போல. சாதாரணப் புதுக் கிடாரைவிடப் பல மடங்கு விலை.

வேதியியல் மட்டும் எனக்குப் பிடித்திருந்தது, மறைக்க மாட்டேன். இதற்கு நம் ஊர் பாலிஷ்காரர்கள் 'என்.சி.' என்று சொல்லும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்தான் வேண்டும். பஞ்சில் இருக்கும் செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரியவைத்தால் கிடைப்பது. அதே குடும்பத்தில்தான் வெடிபஞ்சும் வருகிறது, அந்தக் காலத்து சினிமா சுருளும் வருகிறது. பழைய படங்கள் பல எரிந்தும் மக்கியும் நமக்குக் கிடைக்காமல் போனதற்கு அந்தச் சுருளும் ஒரு காரணம். சரி, பாடத்தை விட்டு வெளியே போகிறேன். என்.சி. லாக்கர் தின்னர் ஆவியாகிப் போவதால் மட்டுமே காய்கிறது. படலம் மெல்லியது. வருடம் ஆக ஆக மஞ்சளிக்கும், நொறுங்கும் தன்மை வரும். திடீரென்று குளிர்ந்தால் படலம் ஒரு வேகத்திலும் மரம் இன்னொரு வேகத்திலும் சுருங்கும். படலம் தாங்காமல் கோடு கோடாக விரியும். இப்போது தச்சர்கள் அடிக்கும் பி.யு. பாலிஷ் அப்படி விரியாது. அதன் மூலக்கூறுகள் வினைபுரிந்து வலை போலப் பின்னிக்கொள்கின்றன.

இயற்கையாக இதற்கு நாற்பது, ஐம்பது வருடம் ஆகும். பேரனுக்கு அடுத்த ஞாயிறுக்குள் ஆக வேண்டும். ஃபிரிட்ஜ் முடித்ததும் சாவிக்கொத்தால் அடிப்பானாம். முழங்கை படும் இடத்தில் உப்புத்தாள். வெடிப்புக் கோடுகளில் ஷூ பாலிஷ். பெல்ட் கொக்கி உரசியது போல முதுகில் கீறல். இவன் வீட்டில் கட்டுவது லுங்கி. தலைப்பகுதியில் சிகரெட் சுட்ட வடு வேறு. பையன் பீடி வாசம் பட்டாலே தும்முவான். திருகாணிகளையும் கம்பி மாட்டும் தகட்டையும் ஒரு டப்பாவில் மூடி, பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஒரு கிண்ணத்தில் வைத்து, அந்தப் புகையிலேயே துருப்பிடிக்கவைப்பதாகத் திட்டம். ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை நுரையீரலை என்ன செய்யும் என்று முப்பத்தி நாலு வருடம் பாடம் எடுத்தவன் வீட்டிலேயே! பாட்டிலைப் பிடுங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

இவர்கள் எதைப் பார்த்து இப்படிச் செய்கிறார்கள் என்று அவனே ஒரு படம் காட்டினான். ரோரி கேலகர் என்ற அயர்லாந்துக் கலைஞர். 1961இல் செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டரை 1963இல் கார்க் நகரத்தில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்டாக வாங்கியிருக்கிறார். மேடை மேடையாக வாசித்து, அவர் வியர்வையே அந்தக் கிடாரின் பெயின்ட்டைப் பெரும்பாலும் உரித்துவிட்டது. வெறும் மரம் தெரிகிறது. ஒருமுறை திருடு போய்த் திரும்பி வந்திருக்கிறது. 1995இல் அவர் இறக்கும்வரை அவரோடு இருந்தது. 2024இல் லண்டனில் ஏலம் போனது, சுமார் 8.9 லட்சம் பவுண்டு. அந்தக் கிடாரின் ஒவ்வொரு கீறலையும் அப்படியே நகலெடுத்து ஃபெண்டர் கம்பெனியும் விற்றிருக்கிறது. அவர் வியர்வை முப்பது வருடத்தில் செய்ததை எவரோ ஒருவர் பட்டறையில் சம்பளத்துக்குச் சுரண்டுகிறார். இதை வாங்கி மாட்டிக்கொண்டு நிற்பவருக்குக் கூச்சமாக இருக்காதா? எனக்கு இருக்கும்.

பேரனிடமும் நியாயம் இல்லாமல் இல்லை. "பளபளன்னு இருந்தா தொடவே பயமா இருக்கும் தாத்தா. முதல் கீறல் விழுந்துட்டா அழுகை வரும். ஏற்கெனவே கீறி இருந்தா பயமில்லாம வாசிக்கலாம்" என்றான். கழுத்தின் பின்பக்கம் வழவழவென்று ஒட்டும் பெயின்ட்டைத் தேய்த்து எடுத்தால் கை தடையில்லாமல் ஓடும் என்றான். அதை ஒப்புக்கொண்டேன். அது வேலைக்காகச் செய்யும் மாற்றம். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் எலக்ட்ரிக் மாண்டலினில் இரட்டைத் தந்திகளை விட்டு ஐந்து ஒற்றைத் தந்தி போட்டுக்கொண்டார். கமகம் பேச வேண்டும், அதற்காக. சிகரெட் வடு எந்த ஸ்வரத்தைப் பேசவைக்கும்?

"நீங்க மட்டும் தலைக்கு டை அடிக்கிறீங்களே" என்று மடக்கினான். சபையில் சிரிப்பு. என் டையால் ஏமாறுபவர் இந்த வானகரத்தில் ஒருவரும் இல்லை, அதனால் அது கணக்கில் வராது.

எனக்குக் கோபம் வந்தது இதற்கெல்லாம் இல்லை. அந்தத் தேக்கில் ஆணித் துளைகள் மூன்று இருந்தன. ஒன்று அம்மா மாவிலைத் தோரணம் கட்டிய ஆணி. மற்ற இரண்டில் என்ன தொங்கியது என்று எனக்கே மறந்துவிட்டது. ஓரத்தில் ஒரு பள்ளம், கதவுச் சங்கிலி அடித்து அடித்து விழுந்தது. பேரன் என்ன செய்தான் தெரியுமா? நான்கையும் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டு மழமழவென்று ஆக்கிவிட்டான். எழுபது வருடத்து நிஜத் தழும்பை மூடிவிட்டு, அதன் மேல் பெயின்ட் அடித்து, சாவிக்கொத்தால் பொய்த் தழும்பு போடப்போகிறான்!

நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்கிறவர்களைப் பாருங்கள். 2022இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே ஊர். ஆச்சா மரம் வேண்டும் அவர்களுக்கு. புது மரம் ஆகாது என்று இடிக்கிற பழைய வீடுகளின் தூணையும் உத்திரத்தையும் தேடிப் போய் வாங்குகிறார்கள். பல பத்தாண்டு காய்ந்து ஈரம் போன மரம்தான் கடைசலில் நிற்கும், பிறகு வெடிக்காது. வாங்கி வந்து என்ன செய்கிறார்கள்? கடைந்து, மெருகேற்றிப் புத்தம் புதிதாகத் தருகிறார்கள். பழமை உள்ளே இருக்கிறது, வெளியே காட்டிக்கொள்ள வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. என் பேரனும் தெரியாமலேயே அதே காரியத்தைத்தான் பாதிவரை செய்திருக்கிறான். மீதிப் பாதியில் கெடுக்கிறான்.

"யாரை ஏமாத்துறேன் தாத்தா? எனக்குத்தான் தெரியுமே, புதுசுன்னு" என்றான். இந்த இடத்தில் நான் வாயடைத்துப் போனேன். காரணத்தை அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் உங்களில் பாதிப் பேர் அதில் சாட்சி.

பிளஸ் டூ ரெக்கார்டு நோட்டு நினைவிருக்கிறதா? செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் இரவோடு இரவாக எழுதுவீர்கள். ஜூன் முதல் ஜனவரி வரை தேதி போடுவீர்கள். எல்லாம் ஒரே மையில் இருந்தால் தெரிந்துவிடும் என்று பேனாவை மாற்றச் சொன்னது யார்? நான். மூன்று பேனா வைத்துக்கொண்டு, ஜூன் தேதிக்கு ஒன்று, செப்டம்பருக்கு ஒன்று என்று ஒரே மதியத்தில் நூறு நோட்டுக்குக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். ஓரத்தைக் கொஞ்சம் கசக்கிக் கொடுங்கடா, புதுசாத் தெரியுது என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். தேர்வாளருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். யாரை ஏமாற்றினோம்?

நான்கு வருடம் முன்பு ஒரு கல்யாணத்தில் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். மருந்து செய்யும் இடத்தில் தரப் பரிசோதனை வேலை. சோதனை செய்யாத நாட்களுக்கும் தேதி போட்டு, பேனா மாற்றி, பதிவேட்டை நிரப்பும் பழக்கம் அங்கே உண்டு என்றான். "நீங்க கத்துக்கொடுத்ததுதான் சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் மரியாதையாகத்தான் சொன்னான். அன்று பந்தியில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அன்றிரவு போட்ட பிரஷர் மாத்திரையை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் ஒரு கிடாருக்கு இத்தனை கூச்சல். மரக்கட்டைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருக்க என்னால் முடியவில்லை.

இன்றைய நிலவரம்: ஃபிரிட்ஜ் தட்டுகள் திரும்பி வந்துவிட்டன. அது என் வாதத்தால் அல்ல, அவன் பாட்டியின் குரலால். ஆசிட் பாட்டில் என்னிடம். பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. நேற்று இரவு மாடியில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். ஒரு ஆணித் துளையில் இருந்த பட்டியை ஊசியால் நோண்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். நானும் ஒன்றும் கேட்காமல் இறங்கிவிட்டேன்.

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் மரப் பாலிஷ் வேலையில் இருக்கும் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால்: பழைய தேக்குக்கு, மரத்தின் ரேகை தெரிகிற மாதிரி மெல்லிய கோட்டுக்கு எது நல்லது, எத்தனை கோட்டு, எத்தனை நாள் காயவிட வேண்டும் என்று கமென்ட்டில் எழுதுங்கள். பையன் நான் சொன்னால் கேட்கமாட்டான். நீங்கள் சொன்னால் படிப்பான்.