பாசியைத் தின்ன ஒரு மீனா?

நம் விடுதி அறைகளிலும், லேக் மார்க்கெட்டைச் சுற்றி நம்மவர் வாடகைக்குப் பிடித்திருக்கும் அறைகளிலும் கண்ணாடித் தொட்டிகள் பெருகிவருகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் காளிகாட்டில் மெட்ரோ ஏறி, சியாம்பஜாரில் இறங்கி, காலிஃப் தெருச் சந்தையில் நாலு மீன் வாங்கி, தண்ணீர்ப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பும் நண்பர்கள் பலரை நான் அறிவேன். நானும் அவர்களில் ஒருவன். நல்ல பழக்கந்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால், மூன்றாம் வாரத்தில் கண்ணாடி பச்சையாகத் தொடங்கியதும் நாம் செய்கிற ஒரு காரியத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் காரியம் யாது? மறுபடியும் சந்தைக்கு ஓடுகிறோம். கடைக்காரர் விரல் நீளக் கறுப்பு மீன் ஒன்றைக் காட்டுகிறார். அதுதான் சக்கர் மீன். வாயால் கண்ணாடியைக் கவ்விக்கொண்டு பாசியைச் சுரண்டும். விலையும் மலிவு. வாங்கிவிடுகிறோம்.

நானும் வாங்கினேன். ஒரு மாதம் கண்ணாடி பளபளத்தது. பிறகு அது வளர்ந்தது, வளர்ந்துகொண்டே இருந்தது. தென் அமெரிக்க ஆறுகளில் பிறந்த இனம். ஓர் அடிக்கு மேலும் வளரக்கூடியது. பெரிதானபின் அதற்குப் பாசியில் நாட்டம் குறைந்து, மற்ற மீன்களுக்குப் போடும் தீனியில் நாட்டம் மிகுந்தது. அது தின்றதற்கேற்பக் கழித்தது. அந்தக் கழிவே பாசிக்கு உரமாயிற்று. பாசியை ஒழிக்க வந்தவன் பாசிக்குப் பயிர்வைத்த கதை!

வீட்டுக்கார மாஷிமா இரக்கத்தோடு சொன்னார்: “பாவம், அந்தத் தொட்டிக்குள் திரும்பக்கூட இடமில்லையே. லேக்கில் கொண்டுபோய் விட்டுவிடு, புண்ணியம்.” லேக் என்றால் 1958-இல் ரவீந்திர சரோவர் என்று பெயர் மாற்றப்பட்ட அதே ஏரிதான், அறையிலிருந்து பத்து நிமிட நடை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: வாளியில் மீனோடு கரைவரை சென்றேன்.

விடாமல் திரும்பியதற்குக் காரணம், சில வாரங்களுக்கு முன் நகரின் கிழக்கே ஒரு பேரியில் கண்ட காட்சி. பேரி என்பது மீன் வளர்க்கும் ஆழமற்ற ஏரி. 12,500 ஹெக்டேர் பரந்த கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம் 2002-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இந்தப் பெருநகரத்தின் கழிவுநீர் அங்கே வெயிலில் நிற்கிறது. பாக்டீரியா அழுக்கைச் சிதைக்கிறது. அதை உண்டு பாசி செழிக்கிறது. அந்தப் பாசி உயிர்களை உண்டு ரோகுவும் கட்லாவும் கொழுக்கின்றன. நாம் துடைத்தெறியும் அதே பாசிதான் அங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. லேக் மார்க்கெட்டில் நாம் வாங்கும் ரோகுவும் அங்கிருந்து வந்ததாக இருக்கலாம்.

நான் சென்ற அன்று வலையில் ரோகுவோடு சக்கர் மீன்களும் வந்தன. தொட்டிகளிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் வெளியேறிய இனம், அங்கே பெருகிவிட்டது. வளர்ப்பு மீனின் இரையைத் தின்கிறது; கரையில் வளை தோண்டி வரப்பைக் குலைக்கிறது; துடுப்பு முள்ளால் வலையைக் கிழிக்கிறது. உடம்பெங்கும் எலும்புக் கவசம், வாங்குவாரில்லை. காற்றையும் சுவாசிக்க வல்லதாதலால் எளிதில் சாவதுமில்லை. நமது அண்டை நாடாகிய வங்கதேசம் 2023-இல் இதை வளர்ப்பதையும் விற்பதையும் தடை செய்தது. ஒருவர் விடும் ஒரு மீன்தானே என்று எண்ணலாம். நம்மைப் போல் எத்தனை பேர், எத்தனை வாளிகள்!

ஆனால் பாசிக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். பாசி வானத்திலிருந்து குதிப்பதில்லை. ஒளியும் தீனியும் மிஞ்சினால் வருகிறது. என் தொட்டி தெற்கு ஜன்னலருகில் இருந்தது. சித்திரை வெயில் அதில் நேரே விழுந்தது. இரவு நான் படிக்கும்வரை விளக்கும் எரிந்தது. தொட்டியை உள்சுவருக்கு மாற்றினேன். விளக்கை நாளுக்கு ஏழு மணி நேரமாகக் குறைத்தேன். தீனி ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவு மட்டும். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுகிறேன். புதிய நீரைக் குளோரின் போக ஒரு நாள் வாளியில் வைத்த பிறகே ஊற்றுகிறேன். கண்ணாடியைத் துடைக்கப் பழைய பஞ்சு போதும். தண்ணீரே பச்சையாகிவிட்டால் மூன்று நாள் போர்வையால் மூடிவைத்தால் தெளியும். சிலர் பாட்டில் மருந்து ஊற்றுகிறார்கள். அவற்றில் தாமிரம் கலந்தவை நத்தையையும் இறாலையும் கொல்லும். செத்த பாசி மொத்தமாக அழுகினால் பிராணவாயு குறைந்து மீனும் சாகும்.

இது புதிய அறிவும் அன்று. ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் வேதியியலார், தங்க மீனும் நீர்ச்செடியும் வைத்த தம் தொட்டியைப் பற்றி 1850-இல் எழுதினார். அவரையும் பச்சைப் படலம் தொல்லைப்படுத்தியது. அவர் சேர்த்தவை சிறு நத்தைகள். அழுகிய இலையையும் பாசியையும் அவை தின்றன. செடிகள் மீனின் கழிவை எடுத்துக்கொண்டன. எனக்கும் செடிகளே பெரிதும் உதவின. வேகமாக வளரும் நீர்ச்செடி நாலு கொத்து, பாசிக்குப் போகவேண்டிய உரத்தை முந்திக்கொண்டு உறிஞ்சிவிடுகிறது. கண்ணாடியில் ஓரமாகக் கொஞ்சம் பச்சை இன்னும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

கோடை விடுமுறை நெருங்குகிறது. அறையைக் காலி செய்து கோரமண்டலில் ஏறும் அவசரத்தில்தான் தொட்டி மீன்கள் ஏரிக்குப் போகின்றன. எனவே மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்: ஏப்ரல் மாதக் கூட்டத்தில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுங்கள். மீனைக் கொடுக்க விரும்புவோர் ஒரு பக்கம், கோடையில் இங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்ள இசைவோர் மறுபக்கம் பெயர் எழுதட்டும். சக்கர் மீனை எடுக்க ஆளில்லாவிட்டால் கடைக்கே திருப்பிக் கொடுக்கலாம். பணம் கேட்காவிட்டால் பெரும்பாலும் வாங்கிக்கொள்கிறார்கள். என்னுடையதை அப்படித்தான் கொடுத்தேன். கடைக்காரர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பக்கத்துத் தொட்டியில் விரல் நீளக் குஞ்சுகள் பத்திருபது கண்ணாடியைக் கவ்விக்கொண்டிருந்தன.